குயின்ஸில் எந்த ஊர்?

மகளுக்கு நியூயார்க்கில் வேலை கிடைத்திருக்கிறது, மன்ஹாட்டன் வாடகை கட்டுப்படியாகாது, குயின்ஸில் வீடு பார்க்கச் சொல்கிறார்கள், அங்கே எப்படிப்பட்ட ஜனங்கள் இருக்கிறார்கள், எந்தப் பகுதி நமக்குச் சரிப்படும் என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். பதினெட்டு வருடம் அங்கே குப்பை கொட்டியவன் என்ற உரிமையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அங்கே ஒருவரிடம் "எந்த ஊர்?" என்று கேட்டுப் பாருங்கள். குயின்ஸ் என்று பெரும்பாலும் சொல்ல மாட்டார். ஃப்ளஷிங் என்பார், அஸ்டோரியா என்பார், ஓசோன் பார்க் என்பார். கடித முகவரியும் அப்படித்தான். புரூக்ளினில் இருப்பவர் "புரூக்ளின், நியூயார்க்" என்று எழுதுவார். குயின்ஸில் இருப்பவர் "ஃப்ளஷிங், நியூயார்க்" என்றோ "ஜமைக்கா, நியூயார்க்" என்றோதான் எழுதுவார். 1898 வரை இவையெல்லாம் தனித்தனி ஊர்கள். அந்த வருடம் சேர்த்துக் கட்டி நியூயார்க் மாநகரத்தின் ஒரு 'பரோ' ஆக்கினார்கள். நம்மூர் மாநகராட்சி மண்டலம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ரொம்பப் பெரிய மண்டலம். 2020 கணக்கெடுப்பில் 24 லட்சம் பேர். தனி நகரமாக இருந்தால் ஹூஸ்டனைவிடப் பெரிது. அதில் கிட்டத்தட்ட பாதிப் பேர் அமெரிக்காவுக்கு வெளியே பிறந்தவர்கள். சேர்த்து நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் ஊர்கள் ஒன்றோடொன்று கரையவில்லை. அதனால் 'குயின்ஸ் எப்படி' என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. 'குயின்ஸில் எந்த ஊர்' என்று கேட்டால் மணிக்கணக்கில் பேசுவேன்.

பெயரைப் பற்றி ஒரு கொசுறு. 1683-இல் ஆங்கிலேயர்கள் இதை மாவட்டமாக்கியபோது, இரண்டாம் சார்லஸின் ராணி கேதரின் நினைவாகக் 'குயின்ஸ்' என்று வைத்தார்கள் என்பார்கள். போர்ச்சுக்கலிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தபோது பம்பாயைச் சீதனமாகக் கொண்டுவந்தாரே, அதே கேதரின்தான்.

வீடு தேடப் போகிறீர்கள் என்பதால் முகவரி சமாசாரத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்குப் புரிய ஆறு மாதம் ஆயிற்று. குயின்ஸ் கதவு எண்ணில் நடுவே ஒரு சிறு கோடு இருக்கும். 37-20, 74-ஆம் தெரு என்றால், 74-ஆம் தெருவில் 37-ஆம் அவென்யூ வெட்டும் முனையை ஒட்டிய பகுதி, அங்கே 20-ஆம் எண். கோட்டுக்கு முன்னால் இருப்பது குறுக்குத் தெரு. தெரு, பிளேஸ், லேன் என்று முடிந்தால் வடக்கு தெற்காக ஓடும். அவென்யூ, ரோடு, டிரைவ் என்று முடிந்தால் கிழக்கு மேற்காக. இது தெரிந்தால் வரைபடமே வேண்டாம். தெரியாவிட்டால் மாஸ்பெத் பக்கம் போய் மாட்டிக்கொள்வீர்கள். அங்கே 60-ஆம் தெரு, 60-ஆம் பிளேஸ், 60-ஆம் லேன், 60-ஆம் அவென்யூ, 60-ஆம் ரோடு, 60-ஆம் டிரைவ் என்று எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொரு ஊரும் தனக்கென்று ஒரு மெயின் ஸ்ட்ரீட், ஒரு வாஷிங்டன் ஸ்ட்ரீட் வைத்திருந்த குழப்பத்தைத் தீர்க்க எண் போட்டார்களாம். தீர்த்த லட்சணம் இது.

இனி ஜனங்கள். அதற்கு 7-ஆம் எண் ரயிலைப் பிடிக்க வேண்டும். மன்ஹாட்டனிலிருந்து ஆற்றுக்கு அடியில் வந்து, குயின்ஸில் தலையை வெளியே நீட்டி, பெரும்பகுதி ரூஸ்வெல்ட் அவென்யூவின் தலைக்கு மேலே இரும்புத் தூண்களில் ஓடும். 1917-இல் கொரோனா வரை வந்தது, 1928-இல் ஃப்ளஷிங்கின் மெயின் ஸ்ட்ரீட்டைத் தொட்டது. (கொரோனா என்பது ஊர்ப் பெயர். நோய்க்கு நூறு வருடம் முன்பிருந்தே அந்தப் பெயர்தான், பாவம்.) ரயில் வந்த பிறகுதான் சோளக்கொல்லைகள் வீடுகளாயின. அந்தத் தூண்களுக்குக் கீழே நிற்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மேலே ரயில் கடக்கும்போது பேச்சை அப்படியே நிறுத்துவார்கள், போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார்கள். மாம்பழ பேரமும் அப்படித்தான், புருஷன் பெண்டாட்டி சண்டையும் அப்படித்தான்.

சன்னிசைடும் வுட்சைடும் ஒரு காலத்தில் ஐரிஷ்காரர்களின் கோட்டை. மதுக்கடைகளில் இன்னும் அந்த வாசனை இருக்கிறது. வுட்சைடில் 69-ஆம் தெரு நெருங்கினால் பிலிப்பைன்ஸ். பணம் அனுப்பும் கடை, பெட்டி அனுப்பும் கடை, வாழைப்பழத்தைச் சர்க்கரையில் புரட்டிப் பொரித்து விற்கும் கடை. செவிலியர் வேலைக்கு வந்தவர்கள் பலர்.

அடுத்து ஜாக்சன் ஹைட்ஸ். இந்தியர்கள் முதலில் கேள்விப்படும் பெயர் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று போவோம். 1909-இல் குயின்ஸ்பரோ பாலம் திறந்ததும் மன்ஹாட்டனுக்குப் பக்கம் என்று ஆகிவிட்டது. ஒரு நிறுவனம் வயல்களை வாங்கி, நடுவில் தோட்டம் வைத்து, சுற்றிலும் செங்கல் அடுக்குமாடிகள் கட்டியது. இன்றும் அவை அழகுதான். வெளியிலிருந்து பார்த்தால் தோட்டம் தெரியாது, உள்ளே குடியிருப்பவருக்கு மட்டும்தான். அதே கருத்து ஆட்களைச் சேர்ப்பதிலும் இருந்தது: யூதர்களுக்கும் கறுப்பர்களுக்கும் அங்கே வீடு கிடையாது. அந்தத் தெருக்களில் இன்று வங்காளியும் ஸ்பானிஷும் திபெத்தியமும்தான் காதில் விழுகின்றன.

மாற்றியது 1965-ஆம் வருடக் குடியேற்றச் சட்டம். அதுவரை எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் என்று கோட்டா வைத்து ஆசியாக்காரர்களைக் கதவுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். அந்தக் கோட்டா போயிற்று. எழுபதுகளில் 74-ஆம் தெருவில் 220 வோல்ட் மின்சாதனக் கடை வந்தது. ஊருக்குப் போகும் இந்தியர்கள் மிக்ஸி, டேப் ரெக்கார்டர் வாங்க அமெரிக்காவின் பல மூலைகளிலிருந்து அங்கே வந்தார்கள். வந்தவர்களுக்குப் பசிக்குமே, ஓட்டல் வந்தது. கூட வந்த அம்மாமார்களுக்குப் புடவைக் கடை, நகைக் கடை, பிறகு மளிகை. பக்கத்தில் ஒரு திரையரங்கம் இருந்தது. பெயர் 'ஏர்ல்', கடைசியில் ஆபாசப் படம் ஓட்டும் கொட்டகையாகிப் போயிருந்தது. அதை இந்திப் படம் போட எடுத்தவர்கள், பெயர்ப் பலகையில் ஒரே ஓர் ஆங்கில எழுத்தை மாற்றி 'ஈகிள்' ஆக்கிவிட்டார்கள். சிக்கனம் என்றால் அதுதான் சிக்கனம். 2009 வரை ஓடியது.

'லிட்டில் இந்தியா' என்று இன்னும் எழுதுகிறார்கள், நான் அதை நம்பிப் போகச் சொல்ல மாட்டேன். நகைக் கடை, புடவைக் கடை இருக்கின்றன. ஆனால் காசு சேர்த்த இந்தியர்கள் கிழக்கே லாங் ஐலண்டுக்கோ, ஹட்சன் ஆற்றைத் தாண்டி நியூ ஜெர்சிக்கோ போய்விட்டார்கள். அடுத்த தெருவான 73-இல் வங்காளதேசத்துக்காரர்கள். அவர்களுக்குப் பின்னால் நேபாளிகளும் திபெத்தியர்களும். இன்று அங்கே தோசையைவிட மோமோ சுலபமாகக் கிடைக்கும். இரண்டு தெருவுக்கும் நடுவே சாலையை அடைத்து 'டைவர்சிட்டி பிளாசா' என்று ஒரு திடல் வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் பெரியவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு டாக்கா அரசியல் பேசுவார்கள். துப்பாதே என்று வங்காளியில் பலகை உண்டு, தரையைப் பார்த்தால் எத்தனை பேர் படித்தார்கள் என்று தெரியும். இன்னும் நாலு தெரு நடந்தால் கொலம்பியா தொடங்கிவிடும்.

பக்கத்து ஊர் எல்ம்ஹர்ஸ்ட். நான் முதலில் இறங்கியது அங்கேதான், ஒரு வீட்டின் அடித்தளத்தில். ஒரே சன்னல், அதுவும் கூரையை ஒட்டி. அதில் நடைபாதை தெரியும், மனிதர்கள் தெரிய மாட்டார்கள், காலணி மட்டும்தான். பனி விழுந்த காலையில் அந்தச் சன்னல் வெள்ளையாக அடைத்துக்கொண்டது. மணி ஏழா பத்தா என்று தெரியாமல் படுத்திருந்தேன். மாடியில் தாய்லாந்துக் குடும்பம், பக்கத்து வீட்டில் இந்தோனேசியர்கள், எதிரே சீனர்கள். மீன் வதங்கும் வாசனையை வைத்து யார் வீட்டுச் சமையல் என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டேன். 2020 மார்ச்சில் உலகமே எல்ம்ஹர்ஸ்ட் மருத்துவமனை வாசலில் நின்ற வரிசையைப் படத்தில் பார்த்தது. நகரம் வீட்டுக்குள் முடங்கியபோது சமையல்காரர், துப்புரவுக்காரர், டெலிவரிப் பையன், செவிலியர் என்று வெளியே போயே ஆகவேண்டியவர்கள் மிகுந்த ஊர் அது. ஒரு வீட்டில் மூன்று குடும்பம். நோய்க்கு வேறென்ன வேண்டும்?

கொரோனா முன்பு இத்தாலியர்கள் ஊர், பிறகு டொமினிக்கன், இப்போது மெக்சிகோவும் ஈக்வடாரும். ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் உலகப் புகழ் பெற்ற பின்னும் 1943 முதல் 1971-இல் சாகும்வரை இங்கே ஒரு சாதாரணத் தெருவில்தான் குடியிருந்தார். அந்த வீடு இப்போது அருங்காட்சியகம். போய்ப் பார்த்தால் அவர் வசதிக்காக அல்ல, அக்கம்பக்கத்துக்காக அங்கே இருந்தார் என்பது புரியும்.

அதைத் தாண்டினால் பெரிய பூங்கா, ஃப்ளஷிங் மெடோஸ். சாம்பல் கொட்டும் மேடாக இருந்த நிலத்தைச் சீர்படுத்தி 1939-இல் உலகக் கண்காட்சி நடத்தினார்கள். 1946 முதல் 1950 வரை ஐ.நா. பொதுச்சபை கூடியது இங்கிருந்த ஒரு கட்டடத்தில். பாலஸ்தீனத்தைப் பிரிக்கும் தீர்மானம் 1947-இல் நிறைவேறியதும் அங்கேதான். அந்தக் கட்டடம் இப்போது குயின்ஸ் அருங்காட்சியகம். உள்ளே நியூயார்க் முழுவதையும் சின்னச் சின்ன வீடுகளாகச் செய்து தரையில் பரப்பியிருக்கிறார்கள். உங்கள் மகள் அங்கே போய்த் தன் வீட்டுக் கூரையைத் தேடட்டும். ஞாயிற்றுக்கிழமை வெளியே ஈக்வடார்க்காரர்கள் உயரமான வலை கட்டி, கால்பந்தை வைத்து மூன்று மூன்று பேராக வாலிபால் ஆடுவதைப் பார்க்கலாம்.

கடைசி நிறுத்தம் ஃப்ளஷிங் மெயின் ஸ்ட்ரீட். படியேறி வெளியே வந்தால் கண் முன்னே சீனா. மன்ஹாட்டன் சைனாடவுன் பழையது, அங்கே கான்டனீஸ் பேச்சு. எழுபதுகளில் வந்த தைவான்காரர்கள் மாண்டரின் பேசுபவர்கள். அங்கே ஒட்டாமல் ஃப்ளஷிங்குக்கு வந்தார்கள். பிறகு சீனாவின் எல்லா மூலையிலிருந்தும் வந்தார்கள். நார்தர்ன் பூலிவார்டு பக்கம் கொரியர்கள்.

அந்தக் கூட்டத்திலிருந்து இருபது நிமிடம் போல நடந்தால் பவுன் ஸ்ட்ரீட். நமக்கு முக்கியமான தெரு. முகவரி 45-57. மகா வல்லப கணபதி கோயில். ஐ.நா.வில் வேலை பார்த்த அழகப்பா அழகப்பன் முதலானவர்கள் 1970-இல் சங்கம் வைத்து, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் தேவாலயம் இருந்த மனையை வாங்கி, 1977 ஜூலை 4-இல் கும்பாபிஷேகம் செய்தார்கள். அந்தத் தெருவுக்கு இப்போது 'கணேஷ் டெம்பிள் ஸ்ட்ரீட்' என்று கூடுதல் பெயரும் உண்டு. கீழ்த்தளத்தில் உணவகம். தட்டை வாங்கிக்கொண்டு உட்கார இடம் தேடினால், ஒரு பக்கம் பட்டுப் புடவையில் மாமிகள், மறு பக்கம் தோசையை எந்த முனையில் பிய்ப்பது என்று யோசிக்கும் சீனப் பையன்கள். விநாயகர் சதுர்த்தி ஊர்வலத்தின்போது தேர் நாதஸ்வரத்தோடு சீன எழுத்துப் பலகைகளுக்குக் கீழே போகும். கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து போனை நீட்டிப் படம் எடுப்பார்கள்.

அதே தெருவில் 37-01 எண்ணைப் பாருங்கள். முகவரிக் கணக்கு இப்போது தெரியுமே, எட்டு அவென்யூ வடக்கே. 1661 வாக்கில் ஜான் பவுன் கட்டிய மர வீடு இன்னும் நிற்கிறது. குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினர் கூடி வழிபடக் கூடாது என்று டச்சு ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட் தடை போட்டிருந்த காலம். 1657-இல் ஃப்ளஷிங்வாசிகள் முப்பது பேர், தாங்கள் குவேக்கர்களாக இல்லாமலேயே, இது தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்ட சிலர் சிறைக்குப் போனார்கள். பிறகு பவுன் தன் வீட்டில் குவேக்கர்களைக் கூட வைத்தார். 1662-இல் பிடித்து நாடு கடத்தினார்கள். ஆம்ஸ்டர்டாமில், அன்று இந்த ஊர்களை ஆண்ட டச்சுக் கம்பெனிக்காரர்களிடமே வழக்காடி ஜெயித்துத் திரும்பினார். அவர் பெயருள்ள தெருவிலும் அதைச் சுற்றியும் இன்று நம் கோயில், குருத்வாரா, சீனர்களின் தேவாலயம், கொரியர்களின் தேவாலயம் எல்லாம் இருக்கின்றன. சாமி கும்பிடப் போகும் நம் ஆட்களில் பத்தில் ஒருவர்கூட அந்த மர வீட்டை எட்டிப் பார்ப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

7-ஆம் ரயிலைவிட்டுத் தெற்கே போனால் ரிச்மண்ட் ஹில். இங்கே ஒரு தமிழர் கட்டாயம் ஒரு நாளாவது சுற்ற வேண்டும் என்பேன். லிபர்ட்டி அவென்யூவில் கடைக்காரர் பார்க்க நம்மூர்க்காரர் மாதிரியே இருப்பார், பேசுவது கரீபிய ஆங்கிலம். கயானா, டிரினிடாட். 1838 முதல் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிப் போனவர்களின் வாரிசுகள், எழுபதுகளுக்குப் பிறகு இரண்டாவது முறையாகப் பெட்டி கட்டி இங்கே வந்தார்கள். கல்கத்தா துறைமுகத்திலிருந்து போனவர்களே மிகுதி, அதனால் மொழியிலும் சாப்பாட்டிலும் போஜ்புரிச் சாயல். மதராஸிலிருந்து போனவர்களும் உண்டு. அவர்கள் வழியினரை இன்றும் 'மதராசி' என்கிறார்கள். தமிழ் போய்விட்டது, மாரியம்மன் போகவில்லை. அங்கேயுள்ள காளி கோயில் ஒன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்றேன். வேப்பிலை, மஞ்சள் தண்ணீர், அருள் வந்து ஆடும் பூசாரி. தோல் மேளத்தைக் காட்டி இதன் பெயர் என்ன என்று ஒரு பையனிடம் கேட்டேன். "டாப்பு" என்றான். தப்பு! அது எந்த மொழிச் சொல் என்று அவனுக்குத் தெரியாது. பெயர்களையும் பாருங்கள். வெஸ்ட் இண்டீஸுக்கு ஆடிய கயானாக்காரர் வீராசாமி பெர்மால், கயானா பிரதமராக இருந்த மோசஸ் நாகமூட்டு. பெருமாளும் நாகமுத்துவும்தான், ஆங்கிலேயக் குமாஸ்தா காதில் விழுந்தபடி. அதே ரிச்மண்ட் ஹில்லின் 101-ஆம் அவென்யூ பக்கம் பஞ்சாபி சீக்கியர்கள்.

கிழக்கே ஜமைக்கா. கரீபியத் தீவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பீவர் என்ற நீர்வாழ் பிராணியைக் குறிக்கும் பூர்வகுடிச் சொல்லிலிருந்து வந்த பெயர். அதைத் தாண்டி செயின்ட் ஆல்பன்ஸ், ஹாலிஸ், லாரல்டன்: தனி வீடு, புல்வெளி, சொந்தக் கார் வைத்த கறுப்பின நடுத்தர வர்க்கம். 2005 கணக்குப்படி குயின்ஸில் கறுப்பினக் குடும்பங்களின் இடைநிலை (மீடியன்) வருமானம் வெள்ளையர் குடும்பங்களுடையதைத் தாண்டியிருந்தது. கறுப்பர் பகுதி என்றாலே பயமுறுத்தும் நம் சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லுங்கள். இன்னும் கிழக்கே பெல்லரோஸ், ஃப்ளோரல் பார்க், க்ளென் ஓக்ஸ் பக்கம் மலையாளிகள், குறிப்பாகச் செவிலியர் குடும்பங்கள். கப்பக்கிழங்கும் மத்தியும் கிடைக்கும், ஆனால் சப்வே எனும் நகர ரயில் கிடையாது, கார் வேண்டும். தெற்கே ராக்கவே கடற்கரை, போய்வர அழகு, தினம் வேலைக்குப் போய்வர நரகம். வடமேற்கே அஸ்டோரியாவில் கிரேக்கர்களும் எகிப்தியர்களும், ஆற்றோரம் லாங் ஐலண்ட் சிட்டியில் கண்ணாடிக் கோபுரங்களும் மன்ஹாட்டனுக்கு நெருங்கிய வாடகையும்.

உங்கள் மகளுக்கு நான் சொல்வது: தனியாக, கார் இல்லாமல், மன்ஹாட்டன் வேலை என்றால் சன்னிசைடு, ஜாக்சன் ஹைட்ஸ், எல்ம்ஹர்ஸ்ட், இந்த மூன்றுக்குள் பாருங்கள். 74-ஆம் தெரு நிலையத்தில் 7-உடன் இன்னும் நாலு தடம் சேர்கிறது, ஒன்று நின்றாலும் இன்னொன்று உண்டு. கோயில் பக்கத்தில் இருக்கட்டும் என்று ஃப்ளஷிங்கில் எடுக்காதீர்கள். வாரம் ஒருமுறை சாமிக்காகத் தினமும் இருபது நிமிடம் கூடுதலாகப் பயணம் செய்ய வேண்டியிருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். வாடகை நம்ப முடியாத அளவு குறைவாகச் சொன்னால் அது அடித்தளமாக இருக்கும். 2021 செப்டம்பர் 1 இரவு ஐடா புயலின் மழையில் நகரத்தில் இறந்த 13 பேரில் 11 பேர் அப்படிப்பட்ட வீடுகளில் இருந்தவர்கள், பெரும்பாலும் குயின்ஸில். நான் இருந்த வீடும் சட்டப்படி வாடகைக்கு விடக்கூடாதது என்று பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்காரர் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. அறையின் உயரத்தில் பாதிக்கு மேல் தெருமட்டத்துக்குக் கீழே போனால் அதை அங்கே 'செல்லர்' என்பார்கள், சாதாரண ஒரு குடும்ப, இரு குடும்ப வீடுகளில் அதைக் குடியிருக்க விட நான் இருந்த காலத்தில் அனுமதியே கிடையாது. வீடியோ காலில் வீட்டைக் காட்டும்போது சன்னலைத் திறந்து வெளியே காட்டச் சொல்லுங்கள். மனிதர்களின் முகம் தெரிகிறதா, காலணி தெரிகிறதா என்று பாருங்கள்.